வெள்ளைக்கு மாற்றிக் கொடுத்த சாறி

போன மாதம் சாய்ந்தமருதில் ஒன்லைன் உடுப்புக் கடை நடத்தும் இருவர் தங்கள் போனை என் கையில் தந்து, வாடிக்கையாளர்களுக்கு எழுதும் பதில்களை வாசித்து அபிப்பிராயம் சொல்லச் சொன்னார்கள். இரண்டு பின்னேரம் இருந்து வாசித்தேன். ஒரு பெண் கேட்டிருந்தார்: "இந்த அபாயாட கை, தொழ முந்தி வுளூ எடுத்துக் கழுவக்குள்ள முழங்கை வரைக்கும் ஏறுமா?" பதில்: "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. விலை இன்பொக்ஸில்." பக்கத்தில் ஒரு பூ. அந்தப் பெண் மறுபடியும் கேட்டார். மறுபடியும் அதே நன்றி, அதே பூ. மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. கடைக்காரர்கள் அந்த உரையாடலை "முடிந்தது" என்ற பகுதிக்குள் தள்ளியிருந்தார்கள். அன்றைக்கு நூற்றுச் சொச்சம் கேள்விகளுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் எழுதிவிட்டதாக இருவரும் பெருமையோடு சொன்னார்கள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்களை ஏளனம் செய்ய ஆசையாக இருந்தது. ஆனால் அந்தப் பூவுக்கு முன்னோடி நான்தான். இந்தக் கரையில் கேட்டவனைப் பார்க்காமல் கேள்விக்குப் பதில் போடும் வித்தையைத் தொடக்கி வைத்தவர்களில் ஒருவன் இதை எழுதுகிறான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் மருதமுனையில் ஒரு கைத்தறிக் கடையில் வேலை செய்தேன். அதற்கு முன் பத்து வருடம் ஒரு பத்திரிகைக்குக் கல்முனைப் பக்கத்துச் செய்தி அனுப்பினேன். எழுதத் தெரிந்தவன் என்பதற்காகத்தான் கடையில் சேர்த்தார்கள். கடை முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடுவோம். கொழும்பில் யாரோ அவருக்கு ஓர் இணையப் பக்கம் செய்து கொடுத்திருந்தார்கள். பத்துப் படம், ஓர் ஈமெயில் முகவரி, அவ்வளவுதான். படங்களில் எல்லாச் சாரனும் ஒரே நிறமாகத் தெரியும். ஆனால் யோசனை மோசமில்லை. வளைகுடாவில் கந்தோர்களிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்யும் நம் ஊர் ஆட்கள் அங்கிருந்து ஓடர் எழுதுவார்கள். நாங்கள் இங்கே அவர்களுடைய வீட்டு வாசலில் பொருளைக் கொடுப்போம்.

கொம்பியூட்டர் ஒரு கட்டில் விரிப்பால் மூடிக் கிடக்கும். ஒவ்வொரு நாளும் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் அந்த விரிப்பைத் தானே தூக்குவார். டெலிபோன் லைனில் கொழும்பைப் பிடித்து, வந்திருந்த கடிதங்களை இறக்கி, கடதாசியில் அடித்து எடுப்போம். பின்னேரத் தொழுகையான அஸருக்கு முன் எல்லாவற்றுக்கும் பதில் எழுதி அனுப்பிவிட வேண்டும். அது ஹாஜியாரின் சட்டம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து எழுதிய காலம் அது. அவர்களும் அப்படித்தான் எழுதினார்கள், நாங்களும் அப்படித்தான்.

ஒரு மாதம் போனதும் கேள்விகள் எல்லாம் ஒன்றுபோலத் தெரியத் தொடங்கின. சாயம் போகுமா? எத்தனை முழம்? பெருநாளைக்கு முந்திக் கிடைக்குமா? வீட்டில் யார் கையில் கொடுத்தீர்கள்? நான் உட்கார்ந்து பதினான்கு பதில் தயார் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். நிறம், திகதி போன்ற விபரங்களுக்கு நடுவில் இடைவெளி விட்டிருந்தேன். பத்திரிகையில் எனக்குப் பழக்கமான வேலை வெட்டுவது. நாற்பது வரியை எட்டு வரியாக்கக் கூடியவன் என்று ஆசிரியர் பீடத்தில் பெயர் இருந்தது. இங்கே கடிதத்தை வெட்டி ஒரு நம்பராக்கினேன். ஹாஜியாருக்கு ஆனந்தம். அதன் பிறகு அவர் கடிதம் வாசிப்பதையே விட்டுவிட்டார். முதல் வரியைப் பார்ப்பார். "சாயத்தக் கேக்கான். ரெண்டாம் நம்பரப் போடுங்க" என்பார்.

அந்த இரண்டாம் நம்பர் எங்களை ஒருமுறை சந்தியில் நிறுத்தியது. கட்டாரிலிருந்து ஒருவர் தன் தகப்பனுக்குச் சாரன் ஓடர் பண்ணி, சாயம் போகுமா என்று கேட்டிருந்தார். "எங்கள் சாயம் உறுதியானது, தயங்காமல் பாவிக்கலாம்" என்று போட்டோம். மறுநாள் திருப்பி எழுதினார், வாப்பா கடலுக்குப் போகிறவர் என்று. அதற்கும் இரண்டாம் நம்பர். ஒரு கிழமை கழித்து அந்த வாப்பாவே கடைக்கு வந்தார். சனம் நிறைந்த நேரம். சாரனை முழங்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு காலும் நீலம்.

"ஹாஜியார், இது என்ட காலா, உங்கட காலா எண்டு பாத்துச் சொல்லுங்க," என்றார். "கரைவலைக்கு எறங்கினன், மீனெல்லாம் பயந்து ஓடிப் பெய்த்து."

கடை முழுக்கச் சிரித்தது. ஹாஜியார் வேறு சாரன் கொடுத்து அனுப்பினார். ஒரு நாள் முழுவதும் உப்புத் தண்ணீரில் நிற்கிற மனிதனுக்கு எழுதிய பதிலையும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் உடுக்கிறவனுக்கு எழுதிய பதிலையும் ஒரே நம்பரில் வைத்தது நான். என்ன பாடம் படித்தேன் என்று கேட்கிறீர்களா? இரண்டாம் நம்பரில் "கடல் நீர் தவிர" என்று மூன்று சொல் சேர்த்தேன். அவ்வளவுதான் படித்தேன்.

அடுத்தது சிரிப்பு இல்லாதது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குச் சில நாட்கள் இருந்தன. பாலமுனையைச் சேர்ந்த நிஸாம் என்பவரின் ஓடர் ஒன்று இருந்தது. டுபாயில் ஒரு கம்பெனியின் களஞ்சியத்தில் கிளார்க். போய் ஏழு மாதம். இரண்டு வருட ஒப்பந்தம். தங்கைக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார்கள். நம் பக்கத்து வழக்கப்படி பெண்ணுக்கு வீடு வேண்டும். அந்த வீட்டுக்காகத்தான் அவர் போனார். உம்மாவுக்கு மாதுளை நிறத்தில் பச்சைக் கரை வைத்த சாறி, வாப்பாவுக்கு இரண்டு சாரன், தங்கைக்குச் சட்டைத் துணி. இதுதான் ஓடர். கொண்டுபோய்க் கொடுத்தவர் றபீக். எங்கள் கடையின் மோட்டார் சைக்கிள்காரர், நாற்பதைத் தாண்டியவர். பொருள் பிடிக்காவிட்டால் அங்கேயே மாற்றிக் கொடுப்பதற்காகப் பின்னால் ஒரு பை நிறையச் சாமான் கட்டிக்கொண்டுதான் போவார்.

திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் மேசைக்கு முன்னால் நின்றார்.

"பாலமுனை வூட்ட மவுத்து," என்றார். "வாப்பாக்காரர். அடக்கிப் பதினேழு நாளாம்."

"மகன் ஒன்றும் எழுதவில்லையே?"

"மகனுக்குச் சொன்னாத்தானே எழுதுவான்? சொல்லல்லயாம். சொன்னா விட்டுப்போட்டு ஓடி வந்திருவான் எண்டு பயம். தங்கச்சிக்காரி கூடப்பிறந்தவனக் கூப்புடுற மாதிரிக் காக்கா, காக்கா எண்டு வந்து, கடையால ஒண்டும் எழுதிப் போடாதீங்க எண்டு கையெடுக்காத குறையாச் சொன்னா. ஓம் எண்டு வாக்குக் குடுத்திட்டு வந்திரிக்கன்."

"பொருள் கொடுத்தாயா?"

"சாரன எடுத்துக்கிட்டாங்க. எடுக்காட்டி அவன் கேப்பானே. சாறியத்தான் மாத்தினன். உம்மா இத்தாவில இரிக்கா. மாதுளைக் கலர் அவக்கு எதுக்கு? பையில வெள்ளை ஒண்டு கெடந்திச்சி, குடுத்தன்."

அந்தக் குடும்பத்தின் ரகசியத்தை நான் காப்பாற்றினேன். எப்படி என்று கேளுங்கள். பதினோராம் நம்பரை எடுத்தேன். "உங்கள் பொருட்கள் வீட்டில் பத்திரமாக ஒப்படைக்கப்பட்டன. வீட்டாரின் விருப்பப்படி சாறி மாற்றிக் கொடுக்கப்பட்டது. நிறம்:" என்று வந்து ஓர் இடைவெளி இருக்கும். இடைவெளியில் "வெள்ளை" என்று அடித்தேன். "மேலதிகக் கட்டணம் இல்லை. பெருநாள் வாழ்த்துகள்" என்று அது முடியும். மவுத்து என்ற சொல் எங்கேயும் வரவில்லையா என்று இரண்டு தடவை சரிபார்த்தேன். வரவில்லை. அனுப்பினேன்.

கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் அலங்காரம் எதுவுமில்லாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம்தான் இத்தா. அந்த நாட்களில் இந்தக் கரையில் உடுப்பது வெள்ளை. கணவன் இருக்கும் ஓர் உம்மா, பெருநாளைக்கு மகன் அனுப்பிய மாதுளை நிறத்தைத் திருப்பிக் கொடுத்து வெள்ளை வாங்கமாட்டார். பொத்துவில் தொடக்கம் மருதமுனை வரைக்கும் எந்த வீட்டிலும் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பத்து வருடம் ஊர் மரணங்களுக்கு ஜனாஸா அறிவித்தல் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பியவன் நான். என் வாழ்க்கையில் எழுதியவற்றில் மிகச் சுருக்கமான ஜனாஸா அறிவித்தலைப் பெருநாள் வாழ்த்தோடு சேர்த்து அனுப்பிவிட்டு, தேநீர் குடிக்கப் போனேன்.

அடுத்த நாள் பதில் வந்தது. அடித்து எடுத்த கடதாசியில் ஒரே ஒரு வரி. "வெள்ளை யாருக்கு? வாப்பா எங்க?"

ஹாஜியார் வழமைபோல முதல் வரியைப் பார்த்தார். வேறு வரி இல்லாததால் அன்றைக்கு முழுக் கடிதத்தையும் வாசித்தவரானார்.

"இதுக்கு என்ன நம்பர்?"

"இதுக்கு நம்பர் இல்லை, ஹாஜியார்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப உடுங்க. பெருநாள் லீவு எண்டு நினைச்சிக்குவான். நாமளா கபுறு வெட்டின? நமக்கு என்ன?" பிறகு விரலை உயர்த்தினார். "எழுதித்தான் ஆகணும் எண்டா ஒண்ட மட்டும் யோசிச்சிக்கங்க. கடை பிழை விட்டெண்டு ஒரு எழுத்து வரப்படாது."

றபீக் கடதாசியை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு அங்கே கிடந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார்.

"வெள்ளை எண்டு எழுதினீங்களா?"

"நிறத்துக்கு இடைவெளி இருந்தது."

"இருந்தா? எனக்கு எழுத்துக் கூட்டத்தான் ஏலும். எனக்கே வெளங்குது. நீங்க பேப்பர்க்காரன் எண்டு ஊரெல்லாம் சொல்றாங்க."

"மாற்றிக் கொடுத்தது நீதானே."

"நான் மாத்தினன்," என்றார். "அவனுக்குச் சொன்னது நீங்க."

அந்த மனிதன் டுபாயில் எப்படி உட்கார்ந்திருப்பான் என்று அப்போதுதான் யோசித்தேன். பாலமுனை வீட்டில் போன் இல்லை. கடிதம் போய்ச் சேரப் பத்து நாளுக்கு மேல். தொழிலாளர் முகாமிலிருந்து நகரத்துக்குப் போய் டெலிபோன் எடுக்க வெள்ளிக்கிழமை மட்டும்தான் விடுவார்கள். அப்படி எடுத்தாலும் இத்தாவில் இருக்கும் உம்மா எந்த டெலிபோன் கடைக்கு வந்து பேசுவார்? கம்பெனிக் கொம்பியூட்டரில் எங்கள் கடைக்கு எழுதுவது ஒன்றுதான் அவனுக்குத் திறந்திருந்த வழி. அந்த வழியால் அவன் கேட்கிறான், தன் தகப்பன் இருக்கிறாரா இல்லையா என்று. நாங்கள் கடைக்குப் பெயர் கெடாமல் பதில் தேடுகிறோம்.

பாலமுனை வீட்டிலேயே கேட்டுவர றபீக்கின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். காரைதீவிலும் நிந்தவூர் தாண்டியும் சோதனைச் சாவடிகளில் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்து, மறுபடி ஏறினோம். நான் தலைக்குள் பதினைந்தாம் நம்பரை எழுதிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்வதானால் அது நன்றாகவே அமைந்து வந்தது.

வீட்டில் எங்களை எதிர்கொண்டவர் நிஸாமின் தாய்மாமா. வயல் வட்டையிலிருந்து நேரே வந்திருந்தார், காலில் சேறு காயவில்லை. கடதாசியில் இருந்ததைச் சொன்னதும் குரலை உயர்த்தாமலே ஏசத் தொடங்கினார். உயர்த்தியிருந்தால் பரவாயில்லை.

"உடுப்பு விக்கிறவங்களா, சேதி விக்கிறவங்களா நீங்க? ஒரு சாறிட கலர எழுதாம இருக்க ஏலாதா? அவன் கேட்டானா உங்களுக்கிட்ட?"

"கேட்கவில்லை," என்றேன். அதுதான் சரியான குற்றச்சாட்டு. அவன் கேட்காத ஒன்றுக்கு நான் பதில் எழுதியிருந்தேன்.

"சரி. இப்ப நான் சொல்ற மாதிரி எழுதுங்க. சாறி மாறிப் பெய்த்து, அது வேற வூட்டுக்குப் போற வெள்ளை, கடைக்காரன் பிழை விட்டுட்டான். வாப்பா சுகமா இரிக்கார், வட்டைக்குப் பெய்த்தார். முடிஞ்சிச்சி."

ஹாஜியார் கடைக்கு வேண்டாம் என்று சொன்ன பிழையை இவர் கடையின் தலையில் வைக்கச் சொல்கிறார். சாறி மாறியது, வாப்பா வட்டைக்குப் போனது, இரண்டுமே நடக்காத கதைகள். வெட்கத்தோடு சொல்கிறேன், மாமாவின் கதை எனக்குப் பிடித்திருந்தது. கச்சிதமான கதை. நான்கு வரியில் அடங்கும். எல்லோருக்கும் இரண்டு வருடம் நிம்மதி. நான் பேனாவையும் எடுத்துவிட்டேன்.

உள்ளே அறை வாசலில் திரை தொங்கியது. அதற்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது.

"அவன் என்ன கேட்டிரிக்கான்? அத வாசிங்க."

வாசித்தேன். வெள்ளை யாருக்கு? வாப்பா எங்க?

"இன்னொருக்கா."

இன்னொருமுறை வாசித்தேன். தங்கை அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாப்பாக்கு என்ன எண்டு கேக்கல்லயே," என்றார் உம்மா. "எங்க எண்டுதானே கேட்டிரிக்கான். அப்ப அவனுக்குத் தெரிஞ்சிட்டு."

"ராத்தா, சும்மா இரிங்க," என்றார் மாமா. "தெரிஞ்சா வந்திருவான். விசா போகும். மாப்புள வூட்டாக்கள் எத்தின நாளைக்குப் பாத்துக்கிட்டு இரிப்பாங்க?"

"வந்தா வரட்டும். அது அவன்ட யோசின. நாம இப்ப பொய் எழுதினா, வாற ரெண்டு வருசமும் இந்த வூட்டால போற கடதாசி எல்லாத்தையும் அவன் பொய் எண்டுதான் வாசிப்பான். நான் சுகமா இரிக்கன் எண்டு எழுதினாலும் நம்புவானா? உம்மாவும் மவுத்தோ எண்டு யோசிச்சிக்கிட்டு இரிக்கணும் அவன்."

மாமா வெளியில் போய்க் காலைக் கழுவினார்.

"நீங்க எழுதுங்க மகன்," என்றார் உம்மா. எனக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது. "வா எண்டும் எழுத வேணாம், வராத எண்டும் எழுத வேணாம். நடந்தத எழுதுங்க."

கடதாசியின் பின்பக்கத்தில் எழுதினேன். பத்திரிகைக் காலத்துக் கேள்விகளைத்தான் கேட்டேன்: எந்த நாள், எத்தனை மணி, எங்கே, யார் பக்கத்தில். புதன்கிழமை. விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்தவர் முற்றத்தில் கதிரையில் இருந்தார். நெஞ்சு நோகுது என்றார். அக்கரைப்பற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லுஹருக்கு முன் முடிந்துவிட்டது. அஸருக்குப் பிறகு அடக்கினார்கள்.

"கடைசியாக ஏதும் சொன்னாரா?" என்று கேட்டேன். ஜனாஸா எழுதுகிறவன் கேட்கும் கேள்வி அது. மகனின் பெயரைச் சொன்னார் என்ற பதிலை எதிர்பார்த்தேன். சொல்லாவிட்டாலும் சேர்த்துவிடும் உத்தேசம் இருந்தது. அப்படிச் சேர்த்து எழுதிப் பழகிய கை.

"தேத்தண்ணி கேட்டார்," என்றார் உம்மா. "சீனி கூடப் போட்டு. வேறொண்டும் சொல்லல்ல. இரிக்கிற மாதிரி எழுதுங்க. ஒண்டும் கூட்டாதீங்க."

எழுதினேன்.

"நான் சாப்புடுறன் எண்டு எழுதுங்க."

முற்றத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நேத்தெல்லாம் ஒண்டும் திங்கல்லயே. கூட்ட வேணாம் எண்டு இப்பதானே சொன்னீங்க?"

"இண்டைக்குத் திம்பன். எழுதுங்க."

திரும்பி வரும்போது அஸர் முடிந்திருந்தது. ஒரு நாளில் இரண்டாம் முறை கொழும்பு லைனை எடுப்பது அந்தக் கடையில் அதுவரை நடக்காத காரியம். ஹாஜியார் முணுமுணுத்துக்கொண்டே விரிப்பைத் தூக்கினார். எட்டு வரி அடித்தேன். தகப்பன் இறந்துவிட்டார் என்பது முதல் வரி. புதன்கிழமை, கதிரை, ஆஸ்பத்திரி, தேநீர், சீனி. உம்மா சாப்பிடுகிறார் என்பது கடைசி. எதையும் கூட்டவில்லை. பதினைந்தாம் நம்பரில் இருந்து ஒரு சொல்லும் உதவவில்லை.

ஹாஜியார் பின்னால் நின்று வாசித்தார். முழுவதையும் வாசித்தார்.

"கீழ நன்றி போடல்லயா?"

"இல்லை."

"கடைப் பேர்?"

"இல்லை."

தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார்.

அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு மூவரும் கொம்பியூட்டருக்கு முன்னால் நின்றோம். யாருக்கும் அங்கே நிற்க வேண்டிய வேலை இல்லை. நிஸாமின் கடிதம் வந்திருந்தது. எங்கள் கடையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஏச்சும் இல்லை, நன்றியும் இல்லை. நான் அதை வைத்திருக்கவில்லை. ஆனால் அதிலிருந்த ஒன்றும் மறக்கவில்லை. "நான் வரல்ல. வந்து யாரைப் பாக்கிற? தங்கச்சிட வூடு முடியட்டும். உம்மாட்ட சொல்லுங்க." அதற்குக் கீழே மூன்று கேள்வி. வாப்பாவைக் குளிப்பாட்டினது யார்? கபுறு மையவாடியில எந்தப் பக்கம்? உம்மாட்ட வெள்ளைச் சாறி எத்தனை இரிக்கி?

முதல் கேள்விக்குப் பதில் மாமாவுக்குத் தெரியும். இரண்டாவதுக்கு யாராவது போய்ப் பார்க்க வேண்டும். மூன்றாவதை வாசித்ததும் நான் றபீக்கைப் பார்த்தேன். றபீக் ஹாஜியாரைப் பார்த்தார். மாற்றிக் கொடுத்தவர் ஒருவர். எழுதியவர் ஒருவர். துணியை விற்பவர் ஒருவர். நான்கு மாதமும் பத்து நாளும் ஒரு பெண் ஒரே ஒரு சாறியோடு எப்படி இருப்பார் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நூற்றுக்கணக்கான கேள்விகளுக்குப் பதில் போட்ட கடை அது. கடல் தாண்டி இருந்தவனுக்கு அது தோன்றியது.

றபீக் எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து வெள்ளைச் சாறிகளை இறக்கினார். யாரிடமும் கேட்கவில்லை. ஹாஜியார் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கரை வச்சத எடுக்காத," என்றார். "வெறும் வெள்ளையாப் பாத்து எடு. நாலு எடு."

அன்றைக்கும் பின்னால் ஏறிப் போனேன். மாமா முதலில் எங்களை, ஊரில் அடக்கம் செய்யும் மையவாடிக்குக் கூட்டிப் போனார். குளிப்பாட்டியவர்களின் பெயர்களை நடந்துகொண்டே சொன்னார். தானும் பள்ளி மோதினாரும் நிஸாமின் பெரியப்பா மகனும். கபுறு மேற்கு மதில் பக்கம், நிஸாமின் வாப்பாவுடைய மூத்த சகோதரரின் கபுறிலிருந்து மூன்று எட்டு. தலைமாட்டில் நட்ட பூவரசங்கம்பு துளிர்த்திருந்தது. எட்டுகளை நானே நடந்து எண்ணினேன்.

வீட்டில் தங்கை பையை வாங்கினாள். இதுவரை எத்தனை இருந்தது என்று கேட்டேன்.

"ஒண்டுதான், காக்கா. நீங்க தந்தது. அதுக்கு முதல் பக்கத்து வூட்ட இரவல் வாங்கினது, குடுத்திட்டம்."

"கழுவும்போது?"

"காயும் வரைக்கும் உம்மா தொழுகைப் போர்வையச் சுத்திக்கிட்டு மூலையில இரிப்பா," என்றாள்.

கடைக்குத் திரும்பி, கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, அவன் கேட்ட வரிசையிலேயே எழுதினேன். மூன்று பெயர்கள். மேற்கு மதில், பெரியப்பாவிலிருந்து மூன்று எட்டு, பூவரசு துளிர்த்திருக்கிறது. மூன்றாவதுக்கு, ஒன்று இருந்தது, இப்போது ஐந்து இருக்கிறது என்று எழுதினேன். போர்வையைப் பற்றி அவன் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.